சர்க்கரைக்குக் கட்டிய கயிறு

என் அண்ணன் எதற்கும் சரி என்று சொல்கிற ஆள் இல்லை. வெளியே மழை என்றால், எங்கே மழை என்று கேட்டுவிட்டு நனைந்தபடியே போவான். குழம்பில் உப்பு போதுமா என்று அண்ணி கேட்டால், உப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் குறை சொல்வான். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் வண்டி ஓட்டுகிறவன். எண்ணூர் ரோட்டில் மைல் கணக்காக நிற்கும் அந்த வண்டி வரிசையில் யாரும் எதற்கும் சட்டென்று ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொண்டால் அந்த இடைவெளியில் வேறொருவன் வண்டியின் மூக்கை நுழைத்துவிடுவான். ரோட்டில் பழகியதுதான் வீட்டுக்கும் வந்துவிட்டது என்பாள் அண்ணி. வீட்டிலிருந்துதான் ரோட்டுக்குப் போனது என்பது என் கட்சி.

எனக்கும் வாய் ஒன்றும் குறைச்சல் இல்லை. நகருக்குள் ஒரு கல்லூரியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். காலையில் விம்கோ நகரில் மெட்ரோ ஏறும்போது வாயைப் பூட்டிக்கொள்வேன், சாயங்காலம் இறங்கும்போது திறந்துவிடுவேன். நடுவில் நான் பேசும் தமிழைக் கேட்டால் அண்ணன் சிரித்தே செத்துப்போவான்.

கல்லூரியில் எனக்கு வேலை ஈஸ்ட்டோடு. முதன்முதலில் வீட்டில் இதைச் சொன்னபோது அண்ணன் கேட்டது நன்றாக நினைவிருக்கிறது.

"இன்னாது, பன்னு உப்பறதுக்குப் போடுவாங்களே, அதா?"

"அதேதான்."

"அத்த வச்சிகினு இன்னா பண்ற?"

"வெளிய சக்கரை கீதா இல்லையான்னு அதுக்கு எப்டித் தெரியுதுன்னு பாக்குறேன்."

"தின்னு பாத்தாத் தெரிஞ்சிடப்போது. இதுக்கு ஒரு காலேஜா?"

தின்று பார்த்துத் தெரிந்துகொள்வது ஒரு பகுதிதான், மொத்தமும் அப்படி இல்லை. ஈஸ்ட் செல்லின் மேல்தோலில் சர்க்கரையை உள்ளே விடுகிற கதவுகள் பல உண்டு. அவற்றோடு, பார்வைக்கு அதே சாயலில், திறக்காத கதவுகள் இரண்டு உண்டு. ஒரு துணுக்குச் சர்க்கரையைக்கூட அவை உள்ளே விடாது. வெளியே சர்க்கரை வந்து ஒட்டினால் உள்ளுக்குச் சேதி சொல்வது மட்டும்தான் அவற்றின் வேலை. சர்க்கரை கொஞ்சமாக இருக்கும்போது ஒன்று சொல்லும், ஏராளமாக இருக்கும்போது மற்றொன்று சொல்லும். அந்தச் சேதி கிடைத்த பிறகுதான் அந்த நிலைமைக்கு ஏற்ற நிஜக் கதவுகளைச் செல் செய்து மாட்டும்.

குளுக்கோஸ் கிடைத்துவிட்டது என்று தெரிந்தால் செல் வேறு சில காரியங்களும் செய்யும். மற்றச் சர்க்கரைகளைத் தின்பதற்கான ஏற்பாட்டையெல்லாம் இழுத்து மூடும். கஷ்ட காலத்துக்கு வைத்திருக்கும் பாதுகாப்பையும் தளர்த்திவிட்டு, வளர்வதிலேயே குறியாக இறங்கும். வந்த சேதி உண்மைதானா என்று நின்று விசாரிக்கிற வழக்கம் அதற்குக் கிடையாது.

எதைப் பார்த்தாலும் அதிலிருந்து வாழ்க்கைப் பாடம் எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எறும்பைப் பார், தேனீயைப் பார் என்று பரீட்சைத் தாளில் எழுதிய மாணவிகளுக்கு நான் மதிப்பெண் குறைத்ததுண்டு. ஈஸ்ட் ஈஸ்ட்தான், மனிதன் மனிதன்தான் என்று வகுப்பில் சொல்வேன். இப்போதும் சொல்கிறேன், முன்னைப் போல் சத்தமாகச் சொல்வதில்லை.

அண்ணனுக்குச் சர்க்கரை நோய் இருப்பது ஒரு கால் விரல் புண்ணில் தெரியவந்தது. செருப்பு கடித்த புண் ஆறவே இல்லை. மாத்திரையில் ஆரம்பித்து இன்சுலின் ஊசியில் வந்து நின்றது. ஊசிக்குக்கூட அவன் கலங்கவில்லை. தித்திப்பை விடவேண்டும் என்றதும்தான் முகம் செத்துப்போனது. டீயில் சர்க்கரை போதவில்லை என்று கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பவன் அவன். மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு தேங்காய் பன்னும் ஒரு ரோஸ்மில்க்கும் போதும் என்று சொல்லிச் சோற்று டப்பாவைத் திருப்பிக் கொண்டுவருவான். அவனால் இதை விடமுடியும் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

அதனால்தான் அவன் கயிறு கட்டிக்கொண்டான்.

எங்கள் பக்கத்தில் குடியை விட நினைக்கிறவர்கள் அம்மன் கோயிலுக்குப் போய்ப் பூசாரி கையால் மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்வார்கள். கட்டிக்கொண்டால் மட்டும் போதாது. வழக்கமாகக் குடிக்கும் இடம், கூடக் குடிக்கும் ஆட்கள், எல்லோரிடமும் போய்க் கையைக் காட்டி, நானே கேட்டாலும் கொடுக்காதே என்று சொல்லி வைக்கவேண்டும். அதன் பிறகு அவனுக்கு ஊற்றிக் கொடுத்தால் பாவம் கொடுத்தவன் தலையில் விழும் என்பது நம்பிக்கை. சொந்த மன உறுதியை நம்பாமல் ஊரைக் காவலுக்கு வைக்கிற ஏற்பாடு இது. அண்ணன் இப்படித்தான் சில வருஷங்களுக்கு முன்பு குடியை விட்டிருந்தான். குடியையே விட்டவனுக்கு இது எம்மாத்திரம் என்று சர்க்கரைக்கும் கயிறு கட்டப் போனான். பூசாரிக்குச் சிரிப்பு தாளவில்லையாம்.

"சக்கரைக்கா? அம்மாவுக்குப் படைச்ச பொங்கல்கூட வேணாமா?"

"அம்மாவே வந்து ஊட்னாலும் வேணாம். கட்டு நீ."

சிவப்புக் கயிற்றோடு அவன் வண்டி வரிசை நெடுக நடந்தான். எர்ணாவூர்ப் பக்கம் சாலையோரத்தில் டீக்கடை வைத்திருக்கும் அக்காவிடம் கையைக் காட்டினான். பெட்டிக்கடையில் காட்டினான். வரிசையில் பெரும்பாலும் அவனுக்கு அடுத்தபடியாக நிற்கிற ராயபுரத்துக்காரர் ஒருவர் உண்டு, அண்ணனின் தோஸ்து, நாங்கள் பாய் என்றே கூப்பிடுவோம். அவரிடமும் காட்டினான். நான் கெஞ்சினாலும் கொடுக்காதீங்க, அழுதாலும் கொடுக்காதீங்க என்று சொன்னானாம். பாய் அந்த ரம்ஜானுக்கு எங்களுக்கு எல்லாம் கொடுத்தனுப்பினார், சேமியாப் பாயசம் மட்டும் வரவில்லை. அண்ணி வீட்டுச் சர்க்கரை டப்பாவை என் மாடி அறைக்கு ஏற்றிவிட்டாள். எனக்குக் காபி போட்டுத் தருவதென்றால் ஏதோ கடத்தல் சரக்கு மாதிரி ஒரு கரண்டிச் சர்க்கரையை முந்தானையில் மறைத்துக் கொண்டு போவாள்.

ஊர் அவனைக் காப்பாற்றியது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். புண் ஆறியது. ரத்தத்தில் சர்க்கரை குறைந்தது. சில நேரம் குறைய வேண்டியதற்கு மேலும் குறைந்தது. ஊசி போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பான், வரிசை நகராது, சாப்பாட்டு நேரம் தாண்டிப் போகும். ஆரம்பத்தில் அந்த மாதிரி நேரங்களில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, கண்ணைக் கட்டுகிறது என்பான். உப்பு பிஸ்கட்டைத் தின்று சமாளிப்பான். பிறகு நடுக்கமும் படபடப்பும் நின்றுபோயின. உடம்பு பழகிவிட்டது என்றான். எங்களுக்கும் அது நல்ல செய்தியாகவே பட்டது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் அண்ணி மாடிக்கு வந்து ஒரு சந்தோஷத்தைப் பங்கு போட்டாள்.

"உங்கண்ணன் இப்பல்லாம் தங்கமா கீறாரும்மா. நேத்து சாங்காலம் துணி காயப் போடுங்கன்னேன், சரின்னாரு. வாய மூடிகினு உக்காருங்கன்னேன், அதுக்கும் சரின்னாரு. எல்லாம் அந்தக் கயிறுதான்."

"போட்டானா துணிய?"

"எங்க போட்டாரு? சரின்னுட்டு வாளியவே பாத்துகினு நின்னாரு. அப்பால சோறு துன்னதும் பழையபடி கத்த ஆரம்பிச்சிட்டாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. ஒரு செல் எப்படித் தன் சர்க்கரையை உணர்கிறது என்று மாணவிகளுக்கு வரைபடம் போட்டு விளக்குகிற நான், அந்த வாளியை ஒரு நகைச்சுவையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அது நடந்த நாளில், முற்பகலில், ஆய்வகத்தில் இருந்தேன். குளுக்கோஸைப் போலவே இருக்கும் ஒரு போலிச் சர்க்கரை உண்டு. செல் அதை ஆசையாக உள்ளே எடுத்துக்கொள்ளும், ஆனால் செரிக்கமுடியாமல் பாதியில் நின்றுவிடும். வேறொரு சர்க்கரையைத் தின்று சௌக்கியமாக வளர்ந்துகொண்டிருக்கிற ஈஸ்ட்டுக்கு இந்தப் போலியைத் துளி கொடுத்தால் போதும். குளுக்கோஸ் வந்துவிட்டது என்று நம்பி, தின்றுகொண்டிருந்த சர்க்கரைக்கான ஏற்பாட்டை மூடிவிடும். தட்டு நிறையச் சாப்பாடு இருக்க, செல் பட்டினி கிடக்கும். இரண்டு தட்டுகளை மாணவிகளுக்கு முன்னால் வைத்திருந்தேன். ஒன்றில் வெள்ளை வெள்ளையாக ஈஸ்ட் முளைத்திருந்தது. போலி கலந்த தட்டு துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

அப்போது அண்ணனின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது பாய்.

"பாப்பா, பயப்படாத, ஒண்ணியும் இல்ல. லைன் நவுந்துச்சு, இவன் வண்டி நவுரல. ஆரன் அட்ச்சி அட்ச்சிப் பாத்தேன். ஏறிப் பாத்தா வேர்த்து ஊத்திகினு உக்காந்துகினு கீறான். கயிறு கட்னவன் குட்ச்சிட்டானோன்னு வாய மோந்துகூடப் பாத்துட்டேன். வாட ஒண்ணும் இல்ல."

"பேசறானா?"

"பேசறான். இன்னா சொன்னாலும் சரி சரின்றான். எறங்குடான்னா சரின்றான், எறங்க மாட்றான். சுகர் ஏறிக்கிச்சின்னு நெனக்கிறேன். தண்ணி குட்த்து, காத்து வீசிகினு கீறோம்."

சரி சரின்றான் என்ற சொல் காதில் விழுந்த உடனே எனக்கு வாளி ஞாபகம் வந்தது.

"பாய், ஏறல. எறங்கிக்கிச்சு. டீக்கடைல சக்கரை வாங்கித் தண்ணில கரைச்சி உடனே குடுங்க. முழுங்குறானான்னு பாத்துக் குடுங்க."

பாய் எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் பேசினார்.

"சக்கரையாம்மா? அவன் கயிறு கட்டிக்கீறான்மா. இப்பதான் அக்காகிட்ட சக்கரை டீ கேட்டுகினு நின்னானாம். அது தரமாட்டேன்னு சொல்லி வண்டிக்கே அனுப்பிக்கிது. கேட்டாலும் குடுக்காதன்னு அவன்தான சொல்ட்டு வச்சிகிறான்."

அவன் கேட்டிருக்கிறான். உடம்பில் மிச்சமிருந்த ஏதோ ஒன்று அவனை வண்டியிலிருந்து இறக்கி, சாலையைக் கடக்க வைத்து, சரியான இடத்தில் சரியான பொருளைக் கேட்க வைத்திருக்கிறது. கடையில் சர்க்கரை டப்பா நிறைய இருந்தது. அவன் சொல்லி வைத்த சேதி அதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

கல்லூரியில் நான் வாய்க்குப் போட்ட பூட்டு அந்த இடத்தில் உடைந்தது.

"கயிறாவது மயிராவது! அவன் செத்துகினு கீறான் பாய்! போனை ஸ்பீக்கர்ல போடு! யோவ், காது கேக்குதா? சக்கரையக் கொட்டுங்கய்யா அவன் வாய்ல!"

மாணவிகள் அசையாமல் நின்றார்கள். பக்கத்து அறை ஆசிரியர் எட்டிப் பார்த்தார். நான் திரும்பத் திரும்ப அதையே கத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பல குரல்கள் ஒன்றாகக் கேட்டன. பாவம் யாரைச் சேரும் என்றுகூட ஒருவன் கேட்டான். அப்புறம் டீக்கடை அக்காவின் குரல் மற்ற எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வந்தது.

"பாவம் என் தலைல வரட்டும், நவுருங்கடா."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் வண்டியில் ஏறியதைப் பாய் பிற்பாடு சொன்னார். அப்போது எனக்குக் கேட்டது டம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம் மட்டும்தான். முழுங்கு, முழுங்குடா ராசா என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். சரி, சரி என்று அண்ணன் சொல்வதும் கேட்டது. அவ்வளவு மெதுவான குரலில் அவன் பேசி நான் கேட்டதே இல்லை. நான் போலிச் சர்க்கரைத் தட்டின் மேல் கையை ஊன்றியிருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது. எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. வகுப்பு முடிந்து மணி அடித்தது, யாரும் கிளம்பவில்லை.

பிறகு அண்ணனின் பழைய குரல் கேட்டது.

"எவன்டா என் வண்டில ஏறினது? கலீஜாக்கி வச்சிகிறீங்க, சீட்டெல்லாம் ஒட்டுது."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒரு மாணவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு அப்புறம் நான் எந்த மதிப்பெண்ணும் குறைத்ததில்லை.

டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையாகச் சொன்னார். சர்க்கரை அடிக்கடி தாழ்ந்து தாழ்ந்து, தாழ்கிறது என்று எச்சரிக்கும் மணியை உடம்பு அடிக்காமல் விட்டுவிட்டது. நடுக்கம் நின்றது பழகியதால் இல்லை, மணி நின்றதால். சில வாரங்களுக்கு ஒரு தடவைகூடத் தாழாமல் பார்த்துக்கொண்டால் அந்த மணி திரும்ப வர வாய்ப்பு உண்டு. அதுவரை வண்டியைத் தொடக்கூடாது. நான் குறுக்கே விழுந்து ஏதேதோ கேட்டேன். சர்க்கரை தீரும்போது ஈஸ்ட்டைத் தட்டி எழுப்புகிற புரதத்துக்கு மனித உடம்பிலும் ஒரு சொந்தக்காரப் புரதம் உண்டு, அதைப் பற்றியெல்லாம் கேட்டேன். அவர் சிரித்தார். உங்கள் அண்ணனுக்கு இப்போது வேண்டியது புரதம் இல்லை, பையில் ஒரு பொட்டலம் சர்க்கரையும் பக்கத்தில் ஒரு ஆளும் என்றார்.

முதல் காரியமாகக் கயிற்றை அவிழ்க்கவேண்டும் என்றேன். அதற்கும் அண்ணன் சண்டை போட்டான். சாமி காரியத்தில் விளையாடாதே என்றான். கடைசியில் அதே பூசாரியிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் கதையைக் கேட்டுவிட்டு அண்ணனை அடிக்காத குறையாகத் திட்டினார். குடிக்குக் கட்டினால் நான் பொறுப்பு, இதற்கெல்லாம் கட்டுகிறவன் இல்லை என்று கற்பூரம் காட்டி அவிழ்த்துப்போட்டு, கையில் ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கலும் வைத்தார். அண்ணன் அதைத் தின்னாமல் என்னிடம் தள்ளினான்.

பிறகு நான் அவனோடு வண்டி வரிசை நெடுக நடந்தேன். லாரிகளுக்கு நடுவே, நிலக்கரித் தூசியில், துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கடையாக அவனது வெறும் கையைக் காட்டினேன். வேர்த்தால், உளறினால், அவன் கேட்டால் குடுங்க, கேக்காட்டியும் குடுங்க என்று சொன்னேன். தலையாட்டினார்கள். டீக்கடை அக்கா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாவட்டும்னு நான் குடுக்காம இல்லமா. அவுரு நல்லா இருக்கணும்னுதான் குடுக்கல."

"தெரியும்க்கா."

"கண்ணு முன்னால நின்னு கேட்டாரு. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? போடா, அம்மன் பாத்துகினு கீதுன்னேன்."

அவர் அழுதார். நானும் ஆறுதல் சொல்லும் நிலையில் இல்லை. எனக்கு அவர் மேல் கோபம் இல்லை, அண்ணன் மேல்கூட இல்லை. கோபப்பட யாருமே கிடைக்காததுதான் எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது.

கயிறு அவிழ்ந்த பிறகும் அந்தச் சேதி அவ்வளவு லேசில் அவிழவில்லை. பெட்டிக்கடைக்காரர் அவனுக்குக் கமர்கட் விற்க மறுத்தார். புது டிரைவர்கள்கூட, அவருக்கு ஸ்வீட் ஆகாதாமே என்று சொன்னார்கள். ஈஸ்ட்டிலும் இது உண்டு. குளுக்கோஸ் தீர்ந்த பிறகு, மூடிய ஏற்பாடுகளைத் திரும்பத் திறக்கச் செல்லுக்கு ஒரு கால இடைவெளி தேவைப்படும். அந்த இடைவெளியில் வளர்ச்சிக் கோடு அப்படியே படுத்துக் கிடக்கும். பெரும்பாலான செல்கள் எழுந்துவிடும். சில எழுவதே இல்லை. வகுப்பில் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறவளாக இருந்தேன்.

டாக்டர் சொன்ன கெடு முடியுமுன்பே அண்ணன் வண்டியில் ஏறிவிட்டான். வீட்டிலிருந்த நாட்களில் அவன் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, போகிற வண்டிகளின் கியர் சத்தத்தைக் கேட்டே ஓட்டுகிறவனைத் திட்டுவான். வண்டியை விட்டுவிடு அண்ணா என்றால், "வண்டி இல்லன்னா நான் இன்னா, பொம்மையா?" என்பான்.

நான் பயப்படுவது அவனுக்காக மட்டும் இல்லை. அவன் பின்னால் இழுத்துப் போவது ஒரு வீடு அளவுள்ள இரும்புப் பெட்டி. எங்கள் பக்கத்து டோல்கேட் முனையில் பள்ளி விடுகிற நேரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சைக்கிள்களும் ஷேர் ஆட்டோக்களும் அந்தச் சக்கரங்களுக்கு ஒரு சாண் தூரத்தில் போகும். அண்ணி தடுத்தும் கேளாமல் வண்டி முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஓட்டுகிற ஆள் கிடைப்பதே கஷ்டம்மா, வரிசையில் நிற்கிற வண்டிதானே, பார்த்துக்கொள்ளலாம் என்றார். அண்ணன் அதற்காக என்னோடு வெகுநாள் பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். வண்டி எடுக்கும் முன் விரலில் குத்திப் பார்ப்பான், மத்தியானம் நான் போன் செய்தால் எடுப்பான். குத்திப் பார்ப்பது அவன் இஷ்டப்பட்ட நாட்களில் மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். போனை மட்டும் எடுத்துவிடுவான்.

அந்தப் போனில் நான் பேசுவது எல்லா நாளும் ஒன்றுதான். சாப்பிட்டியா என்று கேட்பேன். வண்டிய உட்டுட்டு எறங்கிடுண்ணா என்று முடிப்பேன். போடி வேலையப் பாத்துகினு என்பான். அல்லது அச்சில் வராத ஒன்றைச் சொல்வான். எனக்கு உயிர் வரும். ஆரம்பத்தில் அவனை மாற்றத்தான் அதைச் சொன்னேன். போகப்போக அது ஒரு சோதனையாக மாறிவிட்டது. அவன் இறங்கவேண்டும் என்று மனதார விரும்பிக்கொண்டே, மாட்டேன் என்று சொல்லவேண்டும் என வேண்டிக்கொண்டு கேட்பேன். இப்படி ஒரு பிழைப்பு எந்தத் தங்கைக்கும் வரக்கூடாது.

போன மாதம் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு, வழக்கம்போல் போன் செய்தேன்.

"துன்னியாண்ணா?"

"ம்."

"வண்டிய உட்டுட்டு எறங்கிடுண்ணா."

"சரிம்மா," என்றான். "நீ சொன்னா சரிதான். எறங்கிடறேன்."

ஒரு நொடி, அந்த ஒரே நொடி, நான் அதை நம்பினேன். மனம் குளிர்ந்துபோனது. அப்பாடா, ஒருவழியாக ஒத்துக்கொண்டான் என்று நினைத்தேன். அடுத்த நொடியில் அந்த வாளி ஞாபகம் வந்தது. அவனோடு பேசிய போனை வைக்காமலே, டீக்கடை அக்காவைக் கூப்பிடப் பக்கத்திலிருந்த மாணவியின் போனைப் பிடுங்கினேன். எண் எனக்கு மனப்பாடம். நானே அழுத்தினேன்.

"அக்கா, சக்கரை."

யார், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது. லாரிகளின் ஆரன் சத்தம் நெருங்கி வந்தது. வண்டிக் கதவைக் கரண்டியால் தட்டும் சத்தம் ஒரு காதில் அக்காவின் போனிலும், மறு காதில் அண்ணனின் போனிலும் கேட்டது. முழுங்குடா ராசா என்ற குரலும் இரண்டு பக்கமும் கேட்டது. நான் சுவரில் சாய்ந்து நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

"எவன்டா என் வண்டில..." என்று ஆரம்பித்தான் அண்ணன். பிறகு, "அக்கா, நீயா?" என்றான்.

கேட்காமல் இருக்கமுடியவில்லை.

"அண்ணா, இப்ப சொன்னியே, எறங்கிடறேன்னு."

"இன்னாது?"

"வண்டிய உட்டுட்டு எறங்கிடறேன்னு சொன்னியே. நான் சொன்னா சரின்னியே."

"நானா? உனக்கு இன்னா புத்தி கித்தி கெட்டுப்போச்சா? நான் இன்னாத்துக்கு எறங்கப்போறேன்?"

பின்னாலிருந்து பாய் ஆரன் அடிப்பது கேட்டது. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயேன்டா என்று அக்கா கெஞ்சுவதும் கேட்டது.

"போனை வையி," என்றான் அண்ணன். "லைன் நவுருது."

எஞ்சின் உறுமியது.